தொடுவதற்கும் விடுவதற்கும் நடுவில்

கை இன்னும் வேலையில்தான் இருந்தது. உடம்பைக் கொண்டுவந்து இந்த மண்குளத்துக் கரையில், விழுந்து கிடந்த யூகலிப்டஸ் அடிமரத்துக்குப் பின்னால் குந்தவைத்தாயிற்று, கால் விறைத்துப்போயிற்று, கண் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, வலது கை மட்டும் மாடு வெட்டுகிற பக்ரறியை விட்டு வரமாட்டேன் என்கிறது. விடிய வேலை முடிந்து, பூட்ஸில் ஒட்டின இரத்தத்தைக் குழாயடியில் அடித்துக் கழுவி, ரூபனின் பழைய பிக்கப்பில் ஏறிச் செம்மண் பாதையில் இவ்வளவு தூரம் குலுங்கி வந்த பிறகும், பத்திநாதனின் சுட்டுவிரல் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் தன்பாட்டில் மடங்கி நிமிர்ந்தது. வெட்டிப் போட்ட பல்லியின் வால் மாதிரி. இரவு முழுக்க அந்த விரலுக்கு ஒரே வேலை. மாடுகள் ஒவ்வொன்றாக இரும்புப் பெட்டிக்குள் வரும், பின்கதவு விழும், மாடு தலையைத் தூக்கும். மேலே மேடையில் நிற்கிற பத்திநாதன் குனிந்து கட்டைத் துவக்கின் வாயை அதன் நெற்றியில், கண்ணிலிருந்து எதிர்க்கொம்புக்கு இழுத்த இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில், வைக்க வேண்டும். குண்டு வராது. உள்ளேயிருந்து ஒரு இரும்பு முளை பாய்ந்து மண்டைக்குள் போய் அதே வேகத்தில் திரும்பி வந்துவிடும். மாடு நாலு காலையும் மடக்கிக்கொண்டு இருந்துவிடும், யாரோ கதிரையை இழுத்துவிட்ட மாதிரி. அடுத்தது. அடுத்தது. குயின்ஸ்லாந்தின் இந்தத் தொங்கலில் அந்த வேலையை அவனைப்போல் சுத்தமாகச் செய்ய ஆளில்லை என்று டேரன் சொல்வான். மேற்பார்வைக்காரன் டேரன்தான் முதல் வாரம் பக்கத்தில் நின்று பழக்கினவன். "தொடு, சுடு. தொடுறதுக்கும் சுடுறதுக்கும் நடுவில நீ இருக்கக் கூடாது. நீ இருந்தியோ, மாடு தலையை ஆட்டிப்போடும். பிறகு அது படுற பாட்டை நீதான் பார்க்க வேணும்." சரியான பேச்சு. இரக்கத்தில் சொன்ன பேச்சுங்கூட. பத்திநாதன் நடுவில் இல்லாமல் போகப் பழகினான். வடிவாகப் பழகினான். வருசக்கணக்காக ஒவ்வொரு இரவும் அந்தப் பொட்டு நேரத்துக்குள் அவன் இல்லை, கை இருந்தது. ஆனால் இல்லாமல் போனவன் திரும்பி வரவேண்டும் என்று கைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே.

"அண்ணை, நித்திரையே?" என்று ரூபன் காதுக்குள் கேட்டான். "இல்லையடா." "கண் மூடியிருக்குது." "மூடினா நித்திரையோ? காத்தைப் பாக்கிறன்." "காத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பாக்கிற முதல் ஆள் நீங்கள்தான்." ரூபன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பக்ரறியில் பெட்டி அடுக்குகிற பிரிவில் வேலை அவனுக்கு, பத்திநாதனை விடப் பத்து வயது குறைவு, வாய் மட்டும் நாலு பேருக்குச் சமன். இடது காலை நீட்டி, வலது காலைக் குறுக்கி, மரத்தில் முதுகைச் சாய்த்து இருந்தான். இடது காலை மடக்க ஏலாது. அதைப் பார்க்கக் கூடாது என்று பத்திநாதன் தண்ணீரைப் பார்த்தான். குளத்தின் எதிர்ப்பக்கச் சேறு முழுக்கப் பன்றி உழுத தடம். இந்த நிலத்துக்காரி வென்டியின் சோளத்தில் பாதி அதுகளின் வயிற்றில். சுட்டோ குத்தியோ எப்படியாவது தொலைத்துவிடுங்கள் என்றுதான் அவள் உள்ளே விட்டாள். துவக்குக்கு லைசென்ஸ் கேட்கப் போனால் விசாவை எடு என்பார்கள், விசா என்று அவனிடம் இருப்பது இந்த வேலை இருக்கும்வரை காலத்துக்குக் காலம் நீட்டித் தருகிற ஒரு தாள். வில்லுக்கு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சக்கரமும் கண்ணாடியும் விசையும் இல்லாத வெறும் மர வில். யூரியூப்பில் ஒரு தாடிக்காரனைப் பார்த்துப் பார்த்துத் தானே பழகினது. மூன்று விரலால் நாணைக் கொளுவிக் கடைவாய் மட்டும் இழுத்து, அம்பு நுனியைக் குறியில் கொண்டுபோய் நிறுத்தி, மூச்சு அடங்கினபிறகு விரலைத் தளர்த்துவது, அவ்வளவுதானே. முதல் கொஞ்சக் காலம் அப்படித்தான் போயிற்று, சந்தோசமாகக்கூட. பிறகொருநாள் நுனி குறியைத் தொட்டதும் விரல் திறந்துகொண்டது. அவன் விடவில்லை. அம்பு போய்விட்டது. அடுத்த கிழமை தொடவே தேவையில்லை, தொடப்போகிறது என்று தெரிந்தாலே போதும், கீழே இருந்து நுனி ஏறிவரும்போதே டப்பென்று. தாடிக்காரன் அதற்கும் ஒரு காணொளி வைத்திருந்தான். டாகெற் பனிக் என்று பேர், குறியைக் கண்டால் வருகிற பதற்றம், நல்ல நல்ல வில்லாளிகளையே பிடித்து வில்லைத் தூக்கிப் போட வைத்த நோய், வருத்தம். "வருத்தத்துக்கு இங்கிலீசில பேர் இருந்தா அது வருத்தமில்லை அண்ணை, நாகரிகம்," என்றான் ரூபன். அப்போது அவனுக்கு இரண்டு காலும் மடங்கும்.

பார்க்காதே என்றால் அதைத்தான் பார்க்கும் இந்தச் சனியன் பிடித்த மனம். காற்சட்டைத் துணிக்குள்ளே முழங்காலுக்கு மேலிருந்து அரை வரைக்கும் ஒரு பாதை இருக்கிறது, தையல் போட்ட பாதை, அதன் ஒவ்வொரு முடிச்சையும் பத்திநாதனுக்குத் தெரியும். போன மழைக்காலம். அந்த மேட்டுக்குப் பின்னால், முட்புதர் ஓரம். பெரிய தனியன், தோளுயர்ந்த கடுவன் பன்றி, பக்கவாட்டில் திரும்பி நின்றது, இதைவிட ஒருவன் என்ன கேட்பான். அவன் நாணை இழுத்தான், நுனியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனான், கொண்டுபோய்க்கொண்டிருந்தான், கை விட்டுவிட்டது. அம்பு வயிற்றில் போய்ப் புதைந்தது. வயிற்றில் பட்ட பன்றி ஓடும் என்றுதான் படித்திருந்தான். இது ஓடவில்லை, சத்தம் வந்த பக்கம் திரும்பிற்று. பத்திநாதன் விலகிவிட்டான், அதுவும் கை கால் தானாகச் செய்த வேலைதான், அவன் விலகின இடத்தில் பின்னால் கயிற்றோடு நின்றவன் ரூபன். தலையைத் தாழ்த்தி ஒரு தூக்கு. சீலை கிழிகிற சத்தம், மெய்யாகவே சீலை கிழிகிற சத்தந்தான், பிறகு துடைக்குள் வெள்ளை தெரிந்தது, கொழுப்பின் வெள்ளை, ஒரு கணம் இரத்தமே வரவில்லை, சதை தனக்கு என்ன நடந்தது என்று யோசிக்கிற மாதிரி. பிறகு வந்தது. பத்திநாதன் இரண்டு கையாலும் அமத்தினான், விரலிடுக்கால் பொங்கிற்று, இளஞ்சூடு, பக்ரறியின் அதே சூடு, அதே மணம், அந்த வேளையிலும் அவன் மூக்குக்கு அது பழகின மணம். அதுதான் அவனை வெருட்டினது. மாட்டினதும் ரூபனுடையதும் ஒரே மணம். ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற வழியில் பின் இருக்கையில் கிடந்தபடி ரூபன் கேட்டான், "பண்டி செத்துதோ?" "தெரியாதடா, கதையாதை." "செத்திருந்தா அரைவாசி எனக்கு. காலுக்குக் கால்." இப்போது ஏன் திரும்பவும் கூட வந்தாய் என்றால், "நான் வராட்டி நீங்களும் வரமாட்டியள், பிறகு பகல் முழுக்க நித்திரை இல்லாம வீட்டுக்குள்ள நடப்பியள், மெற்றில்டா அக்கா என்னைப் பேசுவா," என்கிறான். அவனால் ஓட ஏலாது. இன்றைக்கும் அம்பு முந்தினால், இன்றைக்கும் ஒன்று சத்தத்தின் பக்கம் திரும்பினால், அந்த நீட்டின கால்தான் வழியில் கிடக்கும். தெரிந்துகொண்டுதான் இருக்கிறான், புல்லுத்தண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு.

அவன் மனிசி மெற்றில்டா பேசமாட்டாள். அவள் பேச்சைக் குறைத்துக் கனகாலம். பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பான், அவளுக்குக் கடை விடுமுறை என்றால் பக்கத்தில் அவளும் கொஞ்சம் சரிவாள். ஒருநாள் கண் விழித்தபோது அவள் கட்டிலின் விளிம்பில் எழும்பியிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ர நெத்தியில என்ன தேடுறியள்?" என்று கேட்டாள். அவனுக்கு விளங்கவில்லை. நித்திரையில் கை அவள் நெற்றியைத் தடவியிருக்கிறது, ஒரு கண்ணிலிருந்து மறுபக்கத்துக்கு, மற்றக் கண்ணிலிருந்து மற்றப் பக்கத்துக்கு, கோடு இழுத்து, இரண்டும் வெட்டுகிற இடத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்தியிருக்கிறது. முதல்தரம் செல்லம் என்று நினைத்தாளாம். அன்றைக்குத் தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனவள்தான். அகதி முகாமிலிருந்த காலத்தில் பழக்கமான ஒரு உளவள ஆலோசனை அம்மா இதைக் கேட்டுவிட்டு, யுத்தம், எல்லாம் யுத்தத்தின் மிச்சம் என்று தலையாட்டினாள். அவன் யுத்தத்தில் ஒரு துவக்கைத் தொட்டதில்லை. ஷெல்லுக்குப் பயந்து ஓடினவன், ஓடினவர்களில் ஒருவன். அவன் கொன்றதெல்லாம் இங்கே வந்துதான், சம்பளத்துக்கு, கையுறை போட்டு, முறைப்படி. அப்படியும் சொல்ல ஏலாது. அவன் எங்கே கொன்றான்? நடுவில் அவன் இல்லையே. "பண்டியைச் சாக்கொல்லாம இருக்கேலாதா உங்களுக்கு? இரவு கொல்லுறது காணாதா?" என்று மெற்றில்டா ஒருக்கா குசினிக்குள் இருந்து கேட்டாள். காணாது, போதாது. இரவில் நான் கொல்லவில்லை. ஒருதரமாவது நான் இருக்கும்போது நடக்கட்டும். ஒருதரமாவது கை என்னைக் கேட்கட்டும். மனிசியிடம் இதை எப்படிச் சொல்வது, அதுவும் அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கையில்.

வில்லில் வந்த வருத்தத்துக்குத் தாடிக்காரன் சொன்ன மருந்து என்னவென்றால் விடாமல் இருப்பது. வைக்கோல் கட்டுக்கு முன்னால் இரண்டு எட்டுத் தூரத்தில் நின்று, குறியே இல்லாமல், கண்ணை மூடி நாணை இழுத்துப் பிடித்து, விடாமல் திருப்பி இறக்குவது. இறக்குவதுதான் கடினம். இழுத்த வில்லை விடாமல் இறக்கும்போது முதுகும் தோளும் அழும். மாதக்கணக்கில் செய்தான். பிறகு குறி வைத்து. பிறகு தாடிக்காரன் சொன்ன கடைசிப் பாடம், பின்னால் ஒருவர் நின்று, நாண் கடைவாய்க்கு வந்தபிறகு, விடு என்றோ வேண்டாம் என்றோ தன் மனம்போல் சொல்ல வேண்டும், சொன்னதைத்தான் கை செய்ய வேண்டும். ஊன்றுகோலோடு ரூபன் வந்து நின்றான். "அண்ணையைப் பாத்து 'விடு' எண்டு கட்டளை போடுற பாக்கியம் ஆருக்குக் கிடைக்கும்? வேண்டாம். வேண்டாம். வேண்டாம்." "ஒருக்கா விடச் சொல்லடா, தோள் கழருது." "பக்ரறியில லீவு கேட்ட மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ. வேண்டாம்." கை மெல்லமெல்லக் கேட்கத் தொடங்கிற்று. வேண்டாம் என்றால் நின்றது, விடு என்றால் விட்டது. பத்திநாதனுக்கு அழுகை வந்தது, ரூபனுக்குக் காட்டவில்லை. ஆனால் அது அங்கே நிற்கவில்லை, அதைத்தான் அவன் யோசித்திருக்க வேண்டும். முந்தநாள் இரவு பெட்டிக்குள் ஒரு சிவப்புக் காளை. துவக்கின் வாய் நெற்றியைத் தொட்டது. கை நின்றது. கேட்டது. வருசக்கணக்காக ஒன்றும் கேட்காத கை, ஆயிரக்கணக்கில் ஒன்றும் கேட்காத கை, விடவா என்று கேட்டது. அவன் திகைத்துப்போனான். காளை கண்ணை உயர்த்தி அவனைப் பார்த்துவிட்டுத் தலையை ஒரு வீசு வீசிற்று, அந்த வேளை பார்த்து விரல் மடங்கிற்று, முளை சரிந்து கண்ணுக்கு மேலே இறங்கிற்று. அது எழுப்பின சத்தம் மாட்டின் சத்தமே இல்லை. பெட்டியின் இரும்பை உதைத்து உதைத்து, மூக்கால் இரத்தத்தைச் சீறி, அவன் சட்டை, வாய், கண்ணாடி எல்லாம். இரண்டாம் தரம் வைக்க இடம் தரவில்லை. மூன்றாம் தரம் டேரன் பாய்ந்துவந்து பறித்து அடித்தான். "என்ன பிடிச்சுது உன்னை? எங்க போனாய்?" என்று கத்தினான். எங்கும் போகவில்லை, வந்துவிட்டேன், அதுதான் பிழை. இன்னொருதரம் அப்படி நடந்தால் மேடையிலிருந்து இறக்கிவிடுவேன் என்றான். சரி, போகட்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவனுக்குள் ஊர்ந்துகொண்டிருக்கிறது. இந்தக் கை உண்மையில் திருந்தினதா, அல்லது டேரனிடமிருந்து ரூபனிடம் முதலாளி மாறினதா? பின்னால் நின்று எவன் சொன்னாலும் கேட்கிற கைதானா இது? அப்படியென்றால் அவனுக்கு எப்போதுதான் சொந்தமாகும்?

ரூபனின் விரல் அவன் முழங்கையைத் தொட்டது. எதிர்க்கரைப் புல் அசைந்தது, காற்றில்லை. முதலில் ஒரு பெட்டை, அதன் பின்னால் கோடுகோடாகக் குட்டிகள், குட்டிகள் நேரே தண்ணீருக்குள் விழுந்து ஒன்றையொன்று முட்டி அடிபட்டன. அதன்பிறகு, அவசரமில்லாமல், கடனே என்று வருகிறவன்போல, கடுவன். தோளில் காய்ந்த சேறு பாளம்பாளமாக வெடித்திருக்கிறது. கீழ்ப்பல் இரண்டும் உதட்டைத் தள்ளிக்கொண்டு மஞ்சளாக நிற்கிறது. ஒரு பல்லின் நுனி உடைந்திருக்கிறது. போன மழைக்காலத்துத் தனியன் இல்லை இது, அது எங்கேயோ புதருக்குள் நாட்கணக்கில் வயிறு அழுகிச் செத்திருக்கும், அதை நினையாதே. கடுவன் கரையோரமாகவே சுற்றி இந்தப் பக்கம் வந்தது. இன்னும் கிட்ட வந்தது. மூச்சுக் கேட்கிறது. ரூபன் புல்லுத்தண்டைக் கடிப்பதை நிறுத்திவிட்டான், நீட்டின காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல உள்ளே இழுக்கிறான், அது வரமாட்டேன் என்கிறது. பத்திநாதன் எழும்பி முழங்காலில் நின்றான். இழுத்தான். நாண் கடைவாய்க்கு வந்தது. கீழேயிருந்து நுனி ஏறுகிறது, தண்ணீர், சேறு, முன்கால், முன்காலின் மேல், இப்போது, இப்போது போய்விடும், விரல்களுக்குள் அந்தப் பழைய திறப்பு அரிக்கிறது, தும்மல் வருகிற மாதிரி, மண்டைக்குள் டேரன் தொடு சுடு தொடு சுடு என்கிறான், பெட்டிக் கதவு விழுகிறது, நுனி தொட்டுவிட்டது. போகவில்லை. நாண் கடைவாயில் இருக்கிறது. தோளுக்குப் பின்னால் நுனி நிற்கிறது. கடுவன் தண்ணீர் குடிக்கிறது, ஒவ்வொரு மிடறுக்கும் அதன் காது ஆடுகிறது, காதின் ஓரத்தில் ஒரு உண்ணி. உண்ணியைப் பார்க்க நேரம் இருக்கிறதே! இவ்வளவு இடமா இருந்தது நடுவில், ஒரு ஆள் நடமாடுகிற அளவு இடம், இதற்குள்ளேயா அவன் இத்தனை வருசம் இல்லாமல் இருந்தான். "விடு," என்றான் ரூபன், மூச்சால். கை விடவில்லை. பன்றியின் முன்கால் இன்னும் பின்னால் கிடக்கிறது, தோள் எலும்பு சுவாசப்பையை மறைக்கிறது. "விடுங்கோ அண்ணை, கண்டிடும், விடுங்கோ!" ரூபன் குரல் உடைந்துவிட்டது, பயந்துவிட்டான், முதல்தரமாகப் பயந்துவிட்டான். கை அவன் சொன்னதையும் கேட்கவில்லை. முதுகு அழுகிறது, முழங்கை நடுங்குகிறது, கை நிற்கிறது. எவர் சொல்லையும் கேளாமல், பத்திநாதனின் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறது. இப்போது இறக்கவும் ஏலும். அதுவும் ஏலும். இறக்கினால் இந்தக் கடுவன் தண்ணீரைக் குடித்துவிட்டு, குட்டிகளை ஒரு முட்டு முட்டிவிட்டு, வென்டியின் சோளத்துக்குப் போய்விடும். இரண்டு வழியும் திறந்து கிடக்கிறது. சொல்லித் தப்ப ஒரு சாட்டும் இல்லை. பன்றி முன்காலை எடுத்து முன்னால் சேற்றில் வைத்தது. பத்திநாதன் பார்த்தான். வேண்டும் என்று நினைத்தான். கையிடம் விடு என்றான்.

அம்பு போனதை அவன் கண்டான், அதுவே முதல்தரம். கறுப்புத் தோலுக்குள் இறகு வரைக்கும் போயிற்று. கடுவன் ஒரு உறுமலோடு துள்ளி, ஆரென்று தெரியாமல் தண்ணீரைத்தான் கடித்தது, குட்டிகள் சிதறின, பெட்டை புல்லுக்குள் பாய்ந்தது. கடுவன் கரைநெடுகக் கொஞ்சத் தூரம் ஓடிப் பின்னங்கால் இடற விழுந்து, எழும்பி, விழுந்தது. "பட்டிட்டுது! அண்ணை, சுவாசப்பையில, நுரையைப் பாருங்கோ நுரையை!" ரூபன் நொண்டியபடி முன்னால் போய்விட்டான், நில்லடா என்று கத்தியும் நிற்கவில்லை. வாயிலும் மூக்கிலும் இளஞ்சிவப்பு நுரை, ஒவ்வொரு மூச்சுக்கும் அம்பு விலாவோடு சேர்ந்து ஏறி இறங்கிற்று, துளையால் காற்றுச் சீறிற்று. செத்துக்கொண்டிருந்தது, ஆனால் அதற்கு அவசரம் இல்லை. ரூபன் சுகமான கால் முழங்காலை அதன் பின்னிடுப்பில் ஊன்றி அமத்தினான், மற்றக் கால் வழக்கம்போல் நீட்டிக்கொண்டு, பன்றியின் வாய்க்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. கடுவன் தலையைத் திருப்பி அந்தக் காலைப் பார்த்தது. "குத்துங்கோ அண்ணை. கெதியா. பாவம் அது, நானும் பாவம்." பத்திநாதன் கத்தியை உருவிக் கழுத்தடியில் வைத்தான். நுனி தோலைத் தொட்டது. கை நின்றது. ஐயோ, இதற்குமா? இதற்கும் கேட்கிறது. இனி எல்லாவற்றுக்கும் கேட்கும். இன்றைக்கு இரவு பெட்டிக்குள் முதல் மாட்டுக்குக் கேட்கும், அதற்கு அடுத்ததுக்குக் கேட்கும், விடியும் வரைக்கும் ஒவ்வொரு நெற்றிக்கும் கேட்கும், டேரன் கத்தினாலும் கேட்டுக்கொண்டு நிற்கும், அவன் ஒவ்வொன்றுக்கும் அங்கே நடுவில் இருந்து, பார்த்து, வேண்டும் என்று நினைத்துச் சொல்ல வேண்டும், சொல்ல முடியாவிட்டால் மேடையிலிருந்து இறங்க வேண்டும், இறங்கினால் விசாத் தாள் நீளாது. கடுவனின் கண் சின்னக் கண், தவிட்டு நிறம், இமைமயிர் வெள்ளை. "அண்ணை!" என்று ரூபன் வீறிட்டான். பன்றி கழுத்தை வளைத்துப் பல்லைக் காலுக்குக் கொண்டுபோனது. பத்திநாதன் சொன்னான். கை போயிற்று. தோல் தடுத்தது, விட்டது, கொழுப்பு வழிவிட்டது, எலும்பொன்றில் கத்தி உரசின நறுநறுப்பு மணிக்கட்டால் ஏறிப் பல்லு வரைக்கும் வந்தது, சூடு முழங்கை மட்டும் ஓடிற்று, ஒன்றையும் கை தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் கொண்டுவந்து அவனிடம் தந்தது. பன்றி இன்னும் மூச்சு விட்டது. கத்தியை வெளியே இழுத்த கை, அடுத்து என்ன என்று காத்து நின்றது. அவன் மறுபடியும் சொன்னான்.